கல்லூரியிலும் உண்டு நல்லாசிரியர்!

செப்டம்பர் ஐந்தாம் தேதி காலையில் எங்கள் கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து பாருங்கள். பூக்காரம்மாவின் கூடையில் ஒற்றை ரோஜாவுக்குத் தனி கிராக்கி இருக்கும். யூனிபார்ம் போட்ட குட்டிகள் ஆளுக்கொரு ரோஜாவைக் கையில் பிடித்துக்கொண்டு, அது கசங்காமல் இருக்க வேண்டுமே என்ற கவலையோடு நடந்து போகும். சில குட்டிகள் கையில் வாழ்த்து அட்டை. சில குட்டிகள் கையில் புதுப் பேனா. எல்லாம் டீச்சருக்கு!

அதே பஸ் ஸ்டாண்டில் கல்லூரிக்குப் போகிற பெண்களும் பிள்ளைகளும் நிற்பார்கள். அவர்கள் கையில் ரோஜாவைக் காண்பது அபூர்வம். "காலேஜ்ல அதெல்லாம் கிடையாதும்மா, சின்னப் பசங்க மாதிரி!" என்று என் பெரியவளே சொல்லியிருக்கிறாள்.

ஆனால் சகோதரிகளே, ஒரு வேடிக்கையைப் பாருங்கள். அன்றைய தினம் யாருடைய பிறந்த நாள்? டாக்டர் ராதாகிருஷ்ணனுடையது. அவர் என்ன பள்ளிக்கூடத்து வாத்தியாரா? இல்லையே! 1888-இல் திருத்தணியில் பிறந்து, வேலூரிலும் பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்து, 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பிக்கச் சேர்ந்தவர். அதாவது, நம் பிள்ளைகள் "அதெல்லாம் கிடையாது" என்கிற கல்லூரி ஆசிரியர்தான் அவர்! 1921-இல் அவர் மைசூரை விட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் வண்டியில் பூட்டியிருந்த குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே அதை ரயில் நிலையம் வரை இழுத்துப் போனார்கள் என்பது எல்லோரும் அறிந்த கதை. 1962-இல் அவர் ஜனாதிபதியான பிறகு, தம் பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடினால் மகிழ்ச்சி என்று அவரே சொன்னதால் வந்ததுதான் இந்தத் திருநாள்.

கல்லூரி ஆசிரியர் ஒருவரின் பிறந்த நாளில், கல்லூரி ஆசிரியர்களை மட்டும் நாம் மறந்து போனது எப்படி?

அறுபத்தைந்து வருஷம் கழித்து வந்த அழைப்பு

நாம் மட்டும் மறக்கவில்லை. தேசமே ரொம்ப நாள் மறந்துதான் இருந்தது. தேசிய நல்லாசிரியர் விருது 1958-இல் தொடங்கியது. அது பள்ளி ஆசிரியர்களுக்கானது. நம் தமிழக அரசு ராதாகிருஷ்ணன் பெயரிலேயே தரும் நல்லாசிரியர் விருதும் பள்ளி ஆசிரியர்களை மனத்தில் வைத்து ஏற்பட்டதுதான். தேசிய விருதில் உயர்கல்வி ஆசிரியர்களுக்கும் இடம் கிடைத்தது எப்போது தெரியுமா? 2023-இல்! அந்த வருஷம் மொத்தம் 75 பேர் விருது வாங்கினார்கள். பள்ளியிலிருந்து 50 பேர், உயர்கல்வியிலிருந்து 13 பேர், தொழிற்பயிற்சித் துறையிலிருந்து 12 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய் ரொக்கம். மறு வருஷம், 2024-இல், உயர்கல்வியிலிருந்து 16 பேர்.

இத்தனை பெரிய தேசத்தில் பதினாறு பேர்! குருவிக் கூட்டுக்குள் யானையை அடைத்த கதைதான். ஆனாலும் கதவு திறந்துவிட்டது அல்லவா? அதற்கே சந்தோஷப்படலாம்.

வெளிநாடுகளில் இந்த யோசனை கொஞ்சம் முன்பே வந்துவிட்டது. கனடாவில் 1986 முதல் நன்றாகக் கற்பிக்கும் பல்கலைக்கழக ஆசிரியர்களைத் தேசிய அளவில் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கிறார்கள். இங்கிலாந்தில் 2000-ஆம் வருஷத்திலிருந்து அதேபோல ஒரு திட்டம் நடக்கிறது. 2017-இல் இன்னும் ஒரு படி மேலே போய், கல்லூரிகளுக்கே கற்பிக்கும் தரத்தைப் பார்த்துத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்தார்கள்.

எந்தப் படியால் அளப்பது?

"நல்லா சொல்லிக் கொடுக்கிறவங்களுக்குப் பரிசு கொடுக்க வேண்டியதுதானே, இதுல என்ன கஷ்டம்?" என்று எதிர் வீட்டு அக்கா கேட்டார். கஷ்டம் இருக்கிறது. அரிசியைப் படியால் அளக்கலாம், பாலை ஆழாக்கால் அளக்கலாம். கற்பிப்பதை எந்தப் படியால் அளப்பது?

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிகளில், கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வுக்குக் கற்பித்தல் என்ற தலைப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் எத்தனை சதவிகிதம் எடுத்தார் என்பதே அது. 80 சதவிகிதமும் அதற்கு மேலும் எடுத்திருந்தால் 'நன்று'. 70-க்கு மேல், 80-க்குள் என்றால் 'திருப்தி'. 70-க்குக் கீழே போனால் 'திருப்தி இல்லை'.

வகுப்புக்கு வருவது முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாசத்தில் இத்தனை நாள் அடுப்பு மூட்டினாள், ஆகவே நன்றாகச் சமைக்கிறாள் என்று யாராவது நமக்குச் சான்றிதழ் கொடுத்தால் எப்படி இருக்கும்? ரசம் எப்படி இருந்தது என்று சாப்பிட்டவரைக் கேட்க வேண்டாமா?

ஆராய்ச்சிக் கட்டுரை என்றால் எண்ணிவிடலாம். ஒன்று, இரண்டு, பத்து என்று பட்டியல் போட்டுவிடலாம். அதனாலேயே பரிசும் பதவியும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடுகின்றன. ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் முகத்தில் "ஓ, இதுதானா!" என்று ஒரு வெளிச்சம் வருகிறதே, அது எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

சாப்பிட்டவரைக் கேட்டால்?

சரி, மாணவர்களையே கேட்டுவிடலாமே? கேட்கிறார்கள். வருஷக் கடைசியில் பல கல்லூரிகளில் கருத்துப் படிவம் கொடுக்கிறார்கள். இப்போது கைபேசியிலேயே நிரப்பிவிடுகிறார்கள். ஆனால் இதிலும் இரண்டு சிக்கல் உண்டு. இரண்டும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை.

முதல் சிக்கல் நம்மைப் போன்ற பெண்கள் சம்பந்தப்பட்டது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாடத்தைக் கணினி வழியாகவே நடத்தினார்கள். மாணவர்கள் ஆசிரியரின் முகத்தைப் பார்க்க முடியாது. பாடம் நடத்தியவர்கள் ஓர் ஆண், ஒரு பெண். இருவரும் ஒரு குழுவுக்குச் சொந்த அடையாளத்தோடும், இன்னொரு குழுவுக்கு மற்றவர் அடையாளத்தோடும் நடத்தினார்கள். விடைத்தாளை எல்லாக் குழுவுக்கும் ஒரே நேரத்தில்தான் திருத்திக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும், "சீக்கிரம் திருத்திக் கொடுத்தாரா?" என்ற கேள்விக்கு, ஆண் என்று நினைத்த ஆசிரியருக்கு ஐந்துக்கு 4.35 மதிப்பெண், பெண் என்று நினைத்தவருக்கு 3.55 தான்! சின்ன ஆய்வுதான், ஒரே ஒரு பாடத்தில் செய்ததுதான். ஆனாலும் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நம் பெண்கள் நாளைக்கு விரிவுரையாளராகப் போனால் அவர்களுக்கும் இதே தராசுதானே?

இரண்டாவது சிக்கல் இன்னும் ஸ்வாரஸ்யமானது. அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் செய்த ஓர் ஆய்வு 2010-இல் வந்தது. அனுபவம் குறைந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பாடத்தின் பரீட்சையில் கொஞ்சம் அதிகமாக வாங்கினார்கள். ஆசிரியருக்கும் நல்ல மதிப்பெண் போட்டார்கள். ஆனால் அதற்கு அடுத்த நிலைப் பாடங்களுக்குப் போனபோது, அனுபவம் மிக்க, கறாரான ஆசிரியர்களிடம் படித்தவர்களே நன்றாகச் செய்தார்கள்! கசப்பு மருந்தைக் கொடுத்தவரைக் குழந்தை திட்டும்; காய்ச்சல் குறைந்த பிறகுதானே அதன் அருமை தெரியும்?

பரீட்சைக்கு அப்பால் பார்த்தவர்

நம் சென்னையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. லயோலா கல்லூரியில் சார்லஸ் ரசீன் என்று ஒரு பாதிரியார் கணிதம் கற்பித்தார். பிரான்சில் 1897-இல் பிறந்தவர். 1930-களில் இந்தியாவுக்கு வந்தவர், 1976-இல் காலமாகும்வரை இந்த மண்ணிலேயே இருந்துவிட்டார். பரீட்சைக்கு எழுதி வாங்கிக்கொள்ளும் 'நோட்ஸ்' தருவதில் அவருக்கு அக்கறை இருந்ததில்லை. உலகத்தில் கணிதம் இப்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும், படித்து முடித்த பிறகு எங்கே போய்ச் சேர வேண்டும் என்றெல்லாம் பிள்ளைகளுக்கு வழி காட்டினார்.

அவரிடம் படித்தவர்களில் இரண்டு பேர் எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும். இருவரும் 1953-இல் பம்பாயில் உள்ள டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்கள். 1965-இல் இருவரும் சேர்ந்து நிரூபித்த ஒரு தேற்றம் உலகம் முழுதும் இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. சேஷாத்ரி பிற்பாடு சென்னைக்குத் திரும்பி 1989-இல் தொடங்கிய கணிதப் பள்ளிதான் இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம். பழைய மகாபலிபுரம் ரோட்டில் போகிறவர்கள் அதன் பக்கமாகப் போயிருப்பீர்கள். ஓர் ஆசிரியர் காட்டிய வழி எங்கே வந்து நிற்கிறது பார்த்தீர்களா! வருஷக் கடைசிப் படிவம் ஒன்றை மட்டும் வைத்து ரசீன் பாதிரியாரை அளந்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

குரோம்பேட்டையில் நடந்தது

இன்னொன்று, எங்கள் வீட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரியை எல்லோருக்கும் தெரியும். 1949-இல் சி. ராஜம் என்ற தொழிலதிபர் தொடங்கியது. அதில் சேர ராமேஸ்வரத்துப் பிள்ளை அப்துல் கலாமுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அந்தக் காலத்து ஆயிரம்! அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். (தம்பி படிப்புக்கு அக்காவின் வளையல் கழலுவது நம் ஊரில் எந்தக் காலத்திலும் உள்ளதுதான்.)

அங்கே கலாமும் நான்கு மாணவர்களும் சேர்ந்து ஒரு விமானத்தின் வரைபடம் தயாரிக்க வேண்டியிருந்தது. வேலை பின்தங்கியது. பார்வையிட வந்த பேராசிரியர் சீனிவாசன், கல்லூரியின் இயக்குநர், முகத்துக்கு நேரே ஏமாற்றத்தைச் சொல்லிவிட்டார். கலாம் ஒரு மாசம் அவகாசம் கேட்டார். பேராசிரியர் கொடுத்தது மூன்றே நாள். திங்கட்கிழமை காலையில் வரைபடம் தயாராகாவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும்! அந்தத் தொகை இல்லாவிட்டால் படிப்பே இல்லை என்ற நிலை. இரவு முழுதும் சாப்பாட்டைக்கூட மறந்து கலாம் வரைந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் பேராசிரியர்! வேலையைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்த மூன்று நாள் கெடுவல்ல. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஓய்வாக இருக்க வேண்டிய பெரியவர், அந்தப் பையன் என்ன ஆனானோ என்று பார்க்க வந்தாரே, அதுதான். கண்டிப்பு எல்லோரும் காட்டலாம். கண்டித்த பிறகு வந்து பார்ப்பவரே ஆசிரியர். கலாம் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் இதை எழுதினார். ஜனாதிபதியாக இருந்து இறங்கிய பிறகும் மாணவர்கள் முன்னால் நிற்பதையே அவர் விரும்பினார். 2015 ஜூலை 27-ஆம் தேதி ஷில்லாங்கில் மாணவர்களிடையே பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது.

இட்லி மாவும் அடக்க விலையும்

பெரியவர்கள் கதை போதும். எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் பெரிய பெண் பி.காம். இரண்டாம் வருஷம் படித்தபோது நடந்தது.

அடக்க விலைக் கணக்கு என்று ஒரு பாடம். அதை எடுத்த மேடம் முதல் நாளே, "புஸ்தகத்தை மூடி வைங்க. உங்க தெருவுல வியாபாரம் பண்ற ஒரு அம்மாவைப் போய்ப் பாருங்க. ஒரு பொருளுக்கு அவங்களுக்கு என்ன செலவாகுதுன்னு கேட்டு எழுதிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

என் பெண் எங்கள் தெருக்கோடியில் இட்லி மாவு விற்கும் அக்காவிடம் போனாள். ஒரு கிலோ பாக்கெட் 45 ரூபாய். அரிசி, உளுந்து எல்லாம் 28 ரூபாய். கரண்டு, கவர், கடை வாடகை என்று பாக்கெட்டுக்கு 9 ரூபாய். மிச்சம் 8 ரூபாய். ஒரு நாளைக்கு 60 பாக்கெட் போனால் 480 ரூபாய் லாபம். பெருமையாக எழுதிக்கொண்டு போனாள்.

மேடம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "அரைச்சது யாரு?"

"அந்த அக்காதான், மேடம்."

"அவங்க கூலி எங்கே?"

வகுப்பே கப்சிப். காலை நான்கு மணிக்கு எழுந்து ஊறவைத்து, கழுவி, அரைத்து, கட்டி, ராத்திரி ஒன்பது மணி வரை கடையில் நிற்கிற அந்த அக்காவின் உழைப்புக்குக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை! வேறு ஓர் ஆளை வைத்தால் நாளைக்கு 600 ரூபாயாவது கொடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 480 ரூபாய் லாபம் இல்லை. 120 ரூபாய் நஷ்டம்!

அன்று சாயங்காலம் என் பெண் நேராக அந்தக் கடைக்குத்தான் போனாள். நோட்டைக் காட்டிக் கணக்குச் சொன்னாள். அந்த அக்கா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத்தனை வருஷமா இதை யாரும் எனக்குச் சொல்லலையே கண்ணு" என்றாராம். மறு மாசம் பாக்கெட்டுக்கு மூன்று ரூபாய் ஏற்றினார். தெருவில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அறுபது பாக்கெட்டுக்கு 180 ரூபாய் கூடுதல். கூலியையும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டம் போய் 60 ரூபாய் லாபம்.

நான் பத்தாவதோடு நின்றவள். ஆனாலும் அன்றைக்கு அந்தப் பாடம் எனக்கும் புரிந்தது. நம் வீட்டு வேலைக்கும் யார் கூலி எழுதுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே தோசை வார்த்தேன்!

கௌரவம் பெயரில் மட்டும்

அந்த மேடத்துக்குப் பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். பதினொரு மாசத்துக்கு ஒரு நியமனம். கோடை விடுமுறை வந்தால் சம்பளம் கிடையாது. ஜூன் மாசம் மறுபடி கூப்பிடுவார்களா என்று காத்திருக்க வேண்டும். இரண்டு சின்னக் குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவர்.

இவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாசத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் சொன்னது. அந்த வருஷம் நம் மாநிலத்து அரசுக் கல்லூரிகளில் கொடுத்த தொகை அதில் பாதியைக்கூட எட்டவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். ஆனால் இட்லி மாவு அக்காவுக்குக் கூலிக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர், தம் கூலிக் கணக்கை யாரிடம் போய்க் காட்டுவார்?

அந்த வருஷம் கல்லூரி ஆண்டு விழாவில் சிறந்த ஆசிரியர் பரிசு கொடுத்தார்கள். கட்டுரைகள் வெளியிட்ட எண்ணிக்கையை வைத்து வேறொருவருக்குப் போயிற்று. கௌரவ விரிவுரையாளர்கள் அந்தப் போட்டியிலேயே கிடையாதாம். என் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "எங்க மேடம் பேரைக்கூட யாரும் சொல்லலைம்மா" என்றாள்.

நான் அதே வகுப்புப் பெண்களின் அம்மாக்கள் நாலு பேரைப் பிடித்தேன். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுக் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினோம். "மேடம் ரொம்ப நல்லவங்க, அன்பானவங்க" என்று எழுதவில்லை. மாவுக் கடைக் கதையை அப்படியே எழுதினோம். போன வருஷம் இந்தப் பாடத்தைக் கண்டு பயந்த எங்கள் பெண்கள் இப்போது வீட்டு பட்ஜெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்கிறார்கள் என்று எழுதினோம். எந்த மாசம், எந்தப் பாடம், என்ன மாறியது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னோம். ஒன்றரைப் பக்கம்தான்.

முதல்வர் அம்மா படித்துவிட்டு, மறு நியமனக் கோப்பில் சேர்ப்பதாகச் சொன்னார். மேடத்துக்கும் ஒரு பிரதி கொடுத்தார். மேடம் என் பெண்ணிடம் சொன்னது இது: "பதினோரு வருஷமா பாடம் எடுக்கிறேன். ஒரு வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் இதுதான்."

ஜூனில் அவர் திரும்ப வந்தார். சம்பளம் அதேதான்; பதினொரு மாசக் கெடுவும் அதேதான். கடிதம் ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தரவில்லை. ஆனால் அடுத்த நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது சான்றிதழ்களுக்கு மேலே அதைத்தான் வைத்துக்கொண்டு போவேன் என்று சொல்லியிருக்கிறார்.

பதக்கம் வாங்கியவர் தேடிப் போன பதக்கம்

பரிசு என்றால் பணம்தான் என்பதில்லை. அப்துஸ் சலாம் என்ற பாகிஸ்தான் விஞ்ஞானி 1979-இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றார். அவருக்கு லாகூரில் கணிதம் கற்பித்தவர் அனிலேந்திர கங்குலி. தேசப் பிரிவினையில் கங்குலி கல்கத்தாவுக்கு வந்துவிட்டார். சலாம் இந்திய அரசாங்கத்திடம் கேட்டு அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். 1981-இல் கல்கத்தாவுக்கே போய், படுக்கையில் இருந்த தம் ஆசிரியரிடம் அந்தப் பதக்கத்தைக் கொடுத்து, இது உங்களுடையது என்றார். எல்லையைத் தாண்டி, முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து!

நம் தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையரும் அப்படித்தான். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1903 முதல் சென்னை மாநிலக் கல்லூரியில். பழைய ஏடுகளைத் தேடி அலைந்த அந்த மனிதர், தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகமாக எழுதிவைத்தார். அதனால்தான் அந்த ஆசிரியர் எப்படிப் பாடம் சொன்னார் என்பது நமக்கு இன்றைக்கும் தெரிகிறது.

நாம் என்ன செய்யலாம்?

விருது கொடுப்பது அரசாங்கத்தின் வேலை. அதற்கு முன்னால் வீட்டிலிருந்தே நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

1. கல்லூரியில் சேர்க்கும்போது கட்டடத்தையும் கேன்டீனையும் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். இரண்டாம் வருஷம் படிக்கும் ஒரு பெண்ணைத் தனியே கூப்பிட்டு, "உங்க டிபார்ட்மென்ட்ல யார் நல்லா சொல்லிக் கொடுக்கிறாங்க? எப்படிச் சொல்லிக் கொடுக்கிறாங்க?" என்று கேளுங்கள். கண் மலர்ந்து பதில் சொன்னால் நம்பிச் சேர்க்கலாம்.

2. "இன்னிக்கு எத்தனை மார்க்?" என்பதோடு நிறுத்தாமல், "இன்னிக்கு என்ன புரிஞ்சுது?" என்று கேளுங்கள். யாரால் புரிந்தது என்பது தானாக வெளியே வரும்.

3. கருத்துப் படிவத்தை விளையாட்டாக நிரப்ப வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆசிரியரின் புடவை, குரல், கண்டிப்பு இவற்றுக்கு மதிப்பெண் போடக் கூடாது. பாடம் விளங்கியதா, சந்தேகம் கேட்டால் பதில் கிடைத்ததா, திருத்திய தாளில் தப்பு எங்கே என்று எழுதியிருந்ததா, இதைப் பார்த்துப் போடட்டும்.

4. நல்ல ஆசிரியரைக் கண்டால் ஒரு கடிதம் எழுதுங்கள். புகழ்ச்சி வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். ஒரு பிரதி முதல்வருக்கு, ஒரு பிரதி அவருக்கே.

5. படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிள்ளைகளிடம் முதல் சம்பளத்தன்று சொல்லுங்கள். சாமிக்கு ஒரு தேங்காய், பாட்டிக்கு ஒரு புடவை, ஆசிரியருக்கு ஒரு போன். பாடம் எத்தனை நாள் நிலைத்தது என்று ஆசிரியருக்குத் தெரிய வேறு வழி இல்லை.

6. நாமும் கொஞ்சம் கேட்கலாமே! ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டெல் திட்டத்தில் நல்ல பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மத்தியானம் சீரியல் பார்க்கும் நேரத்தில் ஒரு பாடம் கேட்டுப் பாருங்கள். நல்ல ஆசிரியர் எப்படி இருப்பார் என்று காதுக்குப் பழகிவிடும்.

உங்கள் வீட்டிலேயே விரிவுரையாளர் இருந்தால்

மருமகளோ மகளோ கல்லூரியில் பாடம் எடுப்பவராக இருந்தால், அவர் தொண்டையையும் காலையும் கவனியுங்கள். அறுபது, எழுபது பேர் நிறைந்த அறையில் நாளெல்லாம் உரக்கப் பேசுவது லேசான வேலையல்ல. ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தனுப்பி, நடுநடுவே மடக்கு மடக்காகக் குடிக்கச் சொல்லுங்கள். தொண்டை கட்டினால் கிசுகிசுவென்று பேசக் கூடாது. அதுவும் குரலுக்குச் சிரமமே. பேசாமல் இருப்பதே மேல். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும். வீடு வந்ததும் கால் மணி நேரம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரட்டும். காபியை அவரே கலந்துகொள்ள வேண்டும் என்று இல்லையே! ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் கிடைக்கிற அந்தக் கால் மணியும் ஒரு விருதுதான்.

அடுத்த செப்டம்பர் ஐந்தாம் தேதி பூக்காரம்மாவிடம் ரோஜா வாங்கும்போது, சின்னதுக்கு ஒன்று, பெரியதுக்கும் ஒன்று என்று இரண்டாக வாங்குங்கள். "காலேஜுக்கெல்லாம் யாரும்மா ரோஜா எடுத்துட்டுப் போவாங்க?" என்று பெரியது முகம் சுளித்தால், ராதாகிருஷ்ணன் எங்கே பாடம் எடுத்தார் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் நீங்களே சொல்லிக்கொடுங்கள்!